புதுப் பங்காளிகள் வரும்போது பழைய ஒப்பந்தம் என்னாகும்?

நாலு பேர் சேர்ந்து நடத்தும் கடைக்கு ஐந்தாவது ஆள் பங்குக்கு வருகிறார் என்றால் எல்லோர் மனதிலும் ஒரே கேள்விதான் எழும். இதுவரை நாம் போட்டுக்கொண்ட ஒழுங்குகளை இவர் மதிப்பாரா? கடன் கொடுப்பதில் ஒரு கட்டுப்பாடு, சரக்கின் தரத்தில் ஒரு கட்டுப்பாடு, கணக்கு முடிப்பதில் ஒரு முறை என்று வைத்திருக்கிறோம். வருபவர் வசதி குறைந்தவர் என்றால் அவருக்காக இவற்றைத் தளர்த்த வேண்டி வருமா? அல்லது அவரும் நம்மோடு சேர்ந்து உயர்வாரா? பங்கு வியாபாரம் செய்த எவருக்கும் இது புதிய கேள்வியல்ல.

இதே கேள்வியை ஐரோப்பிய ஒன்றியம் ஐம்பது வருடங்களாகத் தனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆறு நாடுகளுடன் 1957இல் தொடங்கிய கூட்டு அது. 1973இல் ஒன்பதானது. கிரேக்கம், ஸ்பெயின், போர்த்துக்கல் என்று 1980களில் பன்னிரண்டானது. 1995இல் பதினைந்து. 2004 மே முதலாம் திகதி ஒரே நாளில் பத்து நாடுகள் சேர்ந்து இருபத்தைந்தானது. 2007இல் ருமேனியாவும் பல்கேரியாவும், 2013இல் குரோஷியாவும் வந்தன. 2020இல் பிரித்தானியா விலகியது. இன்று உறுப்பு நாடுகள் 27. வாசலில் உக்ரைன், மோல்டோவா, சேர்பியா, மொண்டினீக்ரோ, அல்பேனியா, வட மசிடோனியா, பொஸ்னியா என்று ஒரு வரிசை காத்து நிற்கிறது.

இந்தக் கூட்டின் பொதுக் கொள்கைகளில் செலவும் சர்ச்சையும் கூடியவற்றில் ஒன்று சுற்றாடல் கொள்கை. ஆறு, காற்று, காடு, குப்பை, இரசாயனம் என்று எல்லாவற்றுக்கும் பொதுவான சட்டம். புதிதாகச் சேரும் நாடு இருநூறுக்கும் மேற்பட்ட பிரதான சுற்றாடல் சட்டங்களைத் தன் நாட்டுச் சட்டமாக்க வேண்டும். சட்டத்தை எழுதி வர்த்தமானியில் போடுவது சுலபம். அதன்படி நடக்க சுத்திகரிப்பு நிலையம் கட்ட வேண்டும், பழைய மின் நிலையத்தைத் திருத்த வேண்டும் அல்லது மூட வேண்டும். அதற்குப் பணம் வேண்டும்.

கூட்டு பெருத்தால் இந்தக் கொள்கை நீர்த்துப்போகும் என்பது பலருடைய கணிப்பு. நடந்ததைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதில் ஒரு முக்கியமான நிபந்தனை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

புதியவர் வந்தால் தரம் குறையும் என்பது எப்போதும் உண்மையல்ல. 1995இல் வந்த சுவீடன், பின்லாந்து, ஒஸ்திரியா மூன்றும் சில விடயங்களில் கூட்டைவிடக் கடுமையான சட்டங்கள் வைத்திருந்தன. அவற்றைக் கைவிடச் சொல்லாமல், நாலு வருட காலம் அப்படியே வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள். அந்தக் காலத்துக்குள் கூட்டுத் தன்னுடைய சட்டங்களை மீளாய்வு செய்வதென்றும் உடன்பட்டார்கள். பழைய பங்காளிகள் தங்கள் தரத்தைத் திரும்பிப் பார்க்க வைத்த புதுப் பங்காளிகள் அவர்கள்.

2004 வேறு கதை. வந்தவற்றில் பெரும்பாலானவை கம்யூனிச ஆட்சியில் இருந்து மீண்ட நாடுகள். போலந்து, செக், கிழக்கு ஜேர்மனி மூன்றும் சந்திக்கும் பிரதேசத்தை 'கறுப்பு முக்கோணம்' என்றே அழைத்தார்கள். பழுப்பு நிலக்கரி எரித்த கந்தகப் புகையால் அங்கே மலைக்காடுகள் பட்டுப்போயின. 2000 ஜனவரி கடைசியில் ருமேனியாவின் பாயா மாரே நகருக்கு அருகே தங்கச் சுரங்கக் கழிவுத் தேக்கம் உடைந்து சயனைட் கலந்த நீர் ஆற்றில் இறங்கியது. ஹங்கேரியின் டிசா ஆற்றில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. அங்கிருந்து அந்த நஞ்சு டானூப் நதிக்கும் போனது. ருமேனியாவும் ஹங்கேரியும் அப்போது ஒன்றியத்தில் இல்லை. அண்டை வீட்டுக்காரரை வெளியே வைத்தால் அவருடைய அழுக்கு நம் வீட்டுக்கு வராது என்று நினைக்க முடியாது என்பதை அந்தச் சம்பவம் காட்டியது. 2006இல் சுரங்கக் கழிவுக்கென்றே ஒன்றியம் தனிச் சட்டம் கொண்டுவந்தது.

இந்த நாடுகள் ஒன்றியத்தின் சுற்றாடல் தரத்துக்கு வருவதற்கு ஏறக்குறைய 120 பில்லியன் யூரோ செலவாகும் என்று 1990களின் கடைசியில் ஐரோப்பிய ஆணைக்குழு மதிப்பிட்டது. அவ்வளவு பணம் யாரிடமும் கையில் இருக்கவில்லை. அப்போது செய்தது நமக்குப் பழக்கமான காரியம். ஒன்று, தவணை கொடுத்தார்கள். நகரக் கழிவுநீர்ச் சட்டத்தை நிறைவேற்ற போலந்துக்கு 2015 வரையும் ருமேனியாவுக்கு 2018 வரையும் தவணை கிடைத்தது. இரண்டு, முதல் கொடுத்தார்கள். ஸ்பெயின், போர்த்துக்கல், கிரேக்கம், அயர்லாந்து ஆகிய நாடுகளுக்காக 1990களில் உருவாக்கிய நிதியத்தைக் கிழக்குப் பக்கம் திருப்பினார்கள். மூன்று, தவணை கொடுக்க முடியாத விடயங்களில் கண்டிப்பாக இருந்தார்கள்.

அந்தக் கண்டிப்புக்கு லித்துவேனியா நல்ல உதாரணம். அங்கே இக்னாலினா என்ற இடத்தில் செர்னோபில் மாதிரியிலான அணு மின் நிலையம் இருந்தது. நாட்டின் மின்சாரத்தில் சுமார் 70 வீதம் அதிலிருந்து வந்தது. அதை மூடினால்தான் கதவு திறக்கும் என்றார்கள். முதல் உலை 2004 கடைசியிலும் இரண்டாவது 2009 கடைசியிலும் மூடப்பட்டன. மின்சாரத்தை விற்ற நாடு அதை வாங்கும் நாடாக மாறியது. மூடும் செலவில் பெரும் பகுதியை ஒன்றியம் தாங்கியது. பல்கேரியாவும் ஸ்லோவாக்கியாவும்கூட இவ்வாறே பழைய அணு உலைகளை மூடின. சேர வேண்டும் என்ற ஆசை இல்லாதிருந்தால் எந்த அரசாங்கமும் இதற்கு இணங்கியிருக்காது.

போலந்தின் தலைநகர் வார்சோவைப் பாருங்கள். நகரின் இடதுகரைப் பகுதியின் கழிவுநீர் 2012 வரை சுத்திகரிக்கப்படாமலே விஸ்டுலா ஆற்றில் விழுந்தது. ஒன்றிய நிதியின் உதவியுடன் பெரிய சுத்திகரிப்பு நிலையத்தை விரிவாக்கிய பிறகுதான் அது நின்றது. ஐரோப்பாவின் பெரிய தலைநகரம் ஒன்றுக்கு இது வெட்கக்கேடு என்று சொல்லலாம். ஆனால் அப்படிச் சொல்பவர் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் பிரசல்ஸ் நகரத்துக்கு 2000ஆம் ஆண்டு வரை ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் இருக்கவில்லை. இரண்டாவது நிலையம் 2007இல்தான் முழுமையாக வேலை செய்யத் தொடங்கியது. கழிவுநீர்ச் சட்டம் போட்டது 1991இல். சட்டம் போட்ட வீட்டிலேயே அது நடைமுறைக்கு வர இவ்வளவு காலம் எடுத்தது.

இனி மறுபக்கம். கதவுக்கு வெளியே நிற்கும்போது எதற்கும் தலையாட்டுபவர் உள்ளே வந்ததும் குரலை உயர்த்துவார். இதுவும் நாம் கண்டதுதான்.

2008இல் ஒன்றியம் 2020க்குள் கரியமில வாயுவை 1990 அளவிலிருந்து 20 வீதம் குறைக்கத் திட்டம் போட்டது. புதிய நாடுகள் எதிர்த்தன. 1990களில் தங்கள் பழைய தொழிற்சாலைகள் மூடப்பட்டபோதே தாங்கள் பெருமளவு குறைத்துவிட்டதாகவும், அதற்கு எந்தக் கணக்கும் வைக்கப்படவில்லை என்றும் முறையிட்டன. அதில் நியாயம் இருந்தது. ஒப்பந்தத்தில் ஏலத்தில் விற்கும் வாயு உரிமங்களில் 10 வீதம் வசதி குறைந்த நாடுகளுக்கு மேலதிகமாகவும், இன்னொரு 2 வீதம் முன்னரே குறைத்த ஒன்பது நாடுகளுக்கும் ஒதுக்கப்பட்டது. திட்டம் நிறைவேறியது.

2012 மார்ச்சில் அமைச்சர்கள் கூட்டத்தில் 2050வரைக்குமான பாதை பற்றிய தீர்மானம் வந்தபோது 26 நாடுகள் உடன்பட்டும் போலந்து தனித்து நின்று தடுத்தது. 2019 டிசம்பரில் 2050க்குள் வாயு வெளியேற்றத்தின் நிகர அளவைப் பூச்சியமாக்குவதென்று தலைவர்கள் உடன்பட்டபோதும் போலந்து அப்போதைக்குக் கையேற்க மறுத்தது. நிலக்கரிப் பிரதேசங்களுக்கென்று தனி நிதியம் அமைத்தார்கள். அதில் மிகப் பெரிய பங்கு போலந்துக்குத்தான். 2020 டிசம்பரில் 2030க்குள் 55 வீதம் என்ற கூடிய இலக்குக்கும் எல்லோரும் உடன்பட்டார்கள். 2021இல் அது சட்டமானது.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது என்ன? ஒவ்வொரு தடவையும் தாமதம் ஏற்பட்டது, விலை கொடுக்கப்பட்டது. ஆனால் கொள்கை பின்னால் போகவில்லை. ஆபத்தான இரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் ரீச் சட்டம் வந்தது 2006இல். அப்போது புதிய பத்து நாடுகளும் உள்ளேதான் இருந்தன. சாதாரண சுற்றாடல் சட்டங்களுக்கு எல்லோருடைய சம்மதமும் தேவையில்லை. உறுப்பு நாடுகளில் 55 வீதமும், சனத்தொகையில் 65 வீதமும் இருந்தால் போதும் என்பது 2014 நவம்பரிலிருந்து நடைமுறையில் உள்ள கணக்கு. ஒரு பங்காளியின் பிடிவாதத்தால் கடையையே மூட வேண்டியதில்லை என்பதற்கான ஏற்பாடு அது. தலைவர்கள் மாநாட்டிலும் வரி போன்ற விடயங்களிலும் மட்டும் இன்னும் ஏகமனதான முடிவு வேண்டும்.

நான் முன்னே சொன்ன நிபந்தனை இங்கேதான் வருகிறது. ஒப்பந்தத்தை மீறியவரிடம் தண்டம் அறவிடும் அதிகாரம் இருக்க வேண்டும். அந்தத் தண்டம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

டுரோவ் சுரங்கத்தின் கதை இதை நன்றாகக் காட்டும். அது போலந்து எல்லையில் உள்ள பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். அதைத் தோண்டத் தோண்ட எல்லைக்கு அப்பால் தங்கள் கிராமங்களில் நிலத்தடி நீர் இறங்குவதாக செக் குடியரசு முறையிட்டது. இரண்டும் 2004இல் ஒரே நாளில் சேர்ந்த நாடுகள். பேச்சு பயன் தராததால் 2021 பெப்ரவரியில் செக் வழக்குப் போட்டது. மே மாதம் தோண்டுவதை நிறுத்தும்படி ஐரோப்பிய நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. போலந்து நிறுத்தவில்லை. செப்டெம்பரில் நாளொன்றுக்கு ஐந்து இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. போலந்து கட்டவில்லை. ஆணைக்குழு அந்தத் தொகையை போலந்துக்குக் கொடுக்க வேண்டிய நிதியிலிருந்து கழித்துக்கொண்டது. 2022 பெப்ரவரியில் 45 மில்லியன் யூரோவுக்கு இரு நாடுகளும் சமாதானமாகின. அதற்கு முன் சேர்ந்த தண்டம் தள்ளுபடியாகவில்லை.

பியலோவியேசா என்ற ஆதிக்காட்டில் போலந்து மரம் வெட்டிய விடயத்திலும் 2017இல் நாளொன்றுக்குக் குறைந்தது ஒரு இலட்சம் யூரோ என்று நீதிமன்றம் எச்சரித்த பிறகே வெட்டு நின்றது.

புதியவர்கள் மட்டும்தான் ஒழுங்கு மீறுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். இத்தகைய தண்டத்தை முதன்முதலில் கட்டிய நாடு கிரேக்கம். கிரீட் தீவில் ஒரு குப்பை மேட்டுக்காக 2000ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 20,000 யூரோ விதிக்கப்பட்டது. அது 1981இலேயே சேர்ந்த நாடு. விவசாய உரத்தால் நிலத்தடி நீர் கெடுவதைத் தடுக்கத் தவறியதற்காக 2018இல் தோற்ற நாடு ஜேர்மனி. அது ஆரம்பகால ஆறு நாடுகளில் ஒன்று. பெரிய முதலாளிக்கும் சின்னப் பங்காளிக்கும் ஒரே தராசு என்றால்தான் சின்னவர் அடங்குவார். இல்லாவிட்டால் அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் இருக்காது.

இனி வரப்போகும் விரிவாக்கத்தைப் பற்றி எனக்குக் கவலை இருப்பதும் இதனால்தான். மேற்கு பால்கன் நாடுகள் 2005இல் கைச்சாத்தான எரிசக்தி உடன்படிக்கை மூலம் ஒன்றியத்தின் மின் நிலையச் சட்டத்தை ஏற்றுக்கொண்டன. 2018இலிருந்து புகையைக் குறைக்க வேண்டும் என்பது உடன்பாடு. பல நிலக்கரி மின் நிலையங்கள் இன்னும் அந்த அளவை மீறியே ஓடுகின்றன. காரணம் விளங்குகிறது. உறுப்புரிமை எப்போது கிடைக்கும் என்று தெரியாது, போதிய முதல் வரவில்லை, தண்டம் அறவிடப் பலமான அதிகாரமும் இல்லை. 2004இல் வேலை செய்த மூன்றும் இங்கே இல்லை. உக்ரைனும் மோல்டோவாவும் 2022இல் வேட்பாளர் நாடுகளாகி 2024 ஜூனில் பேச்சைத் தொடங்கின. ஐரோப்பாக் கண்டத்தில் உள்ள நிலத்தை மட்டும் கணக்கெடுத்தால் உக்ரைன் பரப்பில் இன்றைய எந்த உறுப்பு நாட்டையும்விடப் பெரியது. யுத்தத்தால் அதன் மண்ணும் நீரும் கெட்டிருக்கின்றன. 2023 ஜூனில் ககோவ்கா அணை உடைந்தது. இப்படியான நாட்டை அரசியல் அவசரத்துக்காகத் தவணையும் முதலும் எழுதாமல் உள்ளே எடுத்தால் இரு பக்கத்துக்கும் நட்டம். அதேநேரம் சுற்றாடலைச் சாட்டாக வைத்து வாசலிலேயே காலமெல்லாம் நிறுத்துவதும் நியாயமல்ல. வெளியே நிற்பவரின் புகை எப்படியும் உள்ளே வரும்.

இதெல்லாம் நமக்கு என்னத்துக்கு என்று சில வாசகர்கள் கேட்கலாம். நான் முப்பது வருடத்துக்கு மேலாகக் கறுவா, மிளகு, சாதிக்காய், கராம்பு வாங்கி விற்பவன். 2004க்கு முன்னர் ஒவ்வொரு நாட்டு வாடிக்கையாளரும் ஒவ்வொரு விதமான பத்திரம் கேட்பார். பிறகு கிழக்கு ஐரோப்பாவில் இருந்து வரும் ஓடரிலும் ஜேர்மன் வாடிக்கையாளர் கேட்கும் அதே பரிசோதனை அறிக்கைகளைக் கேட்கத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் சந்தையில் பலரும் இதைப் பாரமாகவே பேசினார்கள். ஆனால் கணக்குப் பார்த்தால், ஒரு தடவை தரத்துக்கு வந்தவருக்கு ஒரே பத்திரத்தில் இருபத்தைந்து நாட்டுச் சந்தை திறந்தது. தரத்துக்கு வராதவருக்கு அத்தனை கதவும் ஒன்றாக மூடியது. ஒன்றியம் இன்னும் விரிந்தால் இந்த இலாபமும் இந்த நட்டமும் அதே அளவுக்குப் பெருகும்.

மீன் ஏற்றுமதியாளர்கள் இதை நேரில் கண்டார்கள். சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கவில்லை என்று 2012இல் இலங்கைக்கு எச்சரிக்கை வந்தது. 2015 ஜனவரியில் தடை அமுலானது. 2016 ஜூன் வரை ஒன்றியத்தின் எந்த நாட்டுக்கும் நமது மீன் போகவில்லை. ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகையை 2010இல் இழந்து 2017இல் திரும்பப் பெற்றோம். அதன் நிபந்தனைகளில் சுற்றாடல் உடன்படிக்கைகளும் அடங்கும். காடழித்து விளைந்த பொருட்களைத் தடுக்கும் புதிய சட்டத்தில் இறப்பரும் இருக்கிறது. அது அமுலாகும் திகதி தள்ளிப்போனதே தவிர சட்டம் போகவில்லை.

போலந்துக்குக் கழிவுநீருக்காகப் பதினொரு வருடத் தவணையும் நிதியும் கிடைத்தன. நமக்கு மேசையில் ஆசனம் இல்லை. அதனால் சட்டம் மட்டும் வருகிறது, முதலும் தவணையும் வருவதில்லை. அவற்றைக் கேட்டுப் பெறுவது நமது அரசாங்கத்தினதும் வர்த்தக சங்கங்களினதும் வேலை. உங்கள் சொந்த உறுப்பு நாடுகளுக்கு நீங்கள் கொடுத்த கால அவகாசத்தில் ஒரு பகுதியையாவது எங்கள் சிறு தோட்டக்காரருக்கும் மீனவருக்கும் கொடுங்கள் என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கேட்கும்போது நம் கையில் ஒரு வேலைத்திட்டமும் இருக்க வேண்டும். தவணை கேட்பவர் எந்தத் திகதியில் எவ்வளவு கட்டுவார் என்று சொல்லாவிட்டால் எந்த முதலாளியும் தவணை கொடுக்கமாட்டார்.

ஐரோப்பியர்களுக்கு நான் சொல்லக்கூடியதும் இதுவேதான். பங்காளிகள் கூடுவதால் ஒப்பந்தம் கெடுவதில்லை. நிபந்தனையை முதலிலேயே எழுதி, முதலைக் கையில் கொடுத்து, மீறினால் யாராக இருந்தாலும் தண்டம் அறவிட்டால் கூட்டு பெருகும்போது தரமும் உயரும். இந்த மூன்றில் ஒன்றைக் கைவிட்டுவிட்டு உக்ரைனையும் பால்கன் நாடுகளையும் சேர்ப்பார்களானால், இருபது வருடமாகச் செலவழித்துக் கட்டியதை அவர்களே அவிழ்க்கத் தொடங்குவார்கள்.